முகவரி முறைத் தீ எச்சரிக்கை அமைப்பில் எந்தச் சுற்றுக்கு எத்தனை வோல்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீ எச்சரிக்கைப் பேனல்களை நிறுவுகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் என்னிடம் கேட்பவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தாம்: “இந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும்?” அதற்கு விடை சொல்லுமுன் நான் ஒவ்வொரு முறையும் மூன்று எதிர்க்கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தச் சுற்றில் அளந்தீர்கள்? அப்போது பேனல் எந்த நிலையில் இருந்தது? வயரின் எந்த முனையில் மீட்டரை வைத்தீர்கள்? இந்த மூன்றும் தெரியாமல் மீட்டர் காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இங்குள்ள எண்கள் பரவலாகக் காணப்படுபவை. உங்கள் பேனலின் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

அட்ரஸபிள் பேனல் (ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி எண் உள்ள முறை) என்றால் எல்லா வயரிலும் 24 வோல்ட் டிசி தானே?

இல்லை. 24 வோல்ட் என்பது பெயரளவு எண். பேனலுக்குள் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைப்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பேனலிலிருந்து வெளியே செல்லும் சுற்றுகள் குறைந்தது நான்கு வகைப்படும். தீயை உணரும் டிடெக்டர்களும், பிற கருவிகளை இணைக்கும் மாட்யூல்களும் பேனலோடு பேசிக்கொள்ளும் லூப் ஒன்று; ஓசை எழுப்பும் ஹூட்டர்களுக்கும் மின்னும் விளக்குகளுக்கும் செல்லும் எச்சரிக்கைச் சுற்று மற்றொன்று; கதவுக் காந்தம், ரிலே போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் துணை 24 வோல்ட் வழங்கல் மூன்றாவது; மாட்யூலிலிருந்து கிளம்பி, ஃப்ளோ ஸ்விட்ச் (குழாயில் நீர் ஓடுவதை உணர்வது) போன்ற தொடுமுனைகளைக் கண்காணிக்கும் உள்ளீட்டுச் சுற்று நான்காவது. நான்கிலும் மின்னழுத்தம் வேறு, அது நடந்துகொள்ளும் விதமும் வேறு.

லூப்பில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. ஒரு வரம்புதான் உண்டு. பல தயாரிப்புகளின் டிடெக்டர்கள் 15 முதல் 32 வோல்ட் வரை இயங்கும் என்று தரவுத்தாளில் குறிக்கப்பட்டிருக்கும். வேறு சில 17 முதல் 28 வரை என்று குறிக்கும். 40 வோல்ட்டை எட்டும் லூப்புகளும் உண்டு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது டிடெக்டரின் தரவுத்தாளில் உள்ள குறைந்தபட்ச மின்னழுத்தம். லூப்பின் மிகத் தொலைவான சாதனத்தில், மிக மோசமான நிலையிலும், அந்த எண்ணுக்கு மேல் இருந்தால் மின்வழங்கல் அளவில் லூப் நலமாக இருக்கிறது.

மீட்டரில் எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. 19, 22, 20 என்று ஆடுகிறது. பேனல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அந்த ஆட்டம்தான் லூப் உயிரோடு இருப்பதன் அடையாளம். முகவரி முறையில் மின்சாரமும் செய்தியும் ஒரே இரண்டு வயர்களில் செல்கின்றன. பேனல் ஒவ்வொரு சாதனத்தையும் அதன் முகவரி எண்ணால் அழைக்கும்போது, வழங்கும் டிசி மின்னழுத்தத்தைத் துடிப்புகளாக ஏற்றி இறக்குகிறது. சில தயாரிப்புகளில் அத்துடிப்புகளின் உயரம் 5 முதல் 9 வோல்ட் வரை இருக்கும். சாதனமோ தான் இழுக்கும் மின்னோட்டத்தை மாற்றிப் பதில் சொல்கிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் ஏதோ ஒரு சராசரியைக் காட்ட முயல்வதால்தான் எண் அலைபாய்கிறது.

அசையாமல் நிற்கும் எண்ணைக் கண்டால்தான் நான் கவலைப்படுவேன். பேனல் அழைப்பை நிறுத்திவிட்டது, அல்லது பேனலுக்குள் அந்த லூப்பை இயக்கும் லூப் அட்டை இன்னும் தொடங்கவில்லை என்று அதற்குப் பொருள் இருக்கலாம். துடிப்புகளின் உண்மையான உயரத்தையும் வடிவத்தையும் பார்க்க வேண்டுமென்றால், மின்னழுத்தத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். மீட்டரைக் கொண்டு “இருக்கிறதா, இல்லையா, துருவம் சரியா” என்ற மூன்றை மட்டும் முடிவு செய்வது நல்லது.

அப்படியானால் பழைய கன்வென்ஷனல் ஸோனில் அளக்கும் பழக்கம் இங்கே உதவாதா?

உதவாது, சில நேரம் தவறான வழியில் இழுத்தும் விடும். முகவரி இல்லாத டிடெக்டர்கள் பல ஒரே சுற்றில் இருக்கும் கன்வென்ஷனல் ஸோனில் மின்னழுத்தம் சீராக நிற்கும், கடைசியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். டிடெக்டர் தூண்டப்பட்டதும் மின்னோட்டம் ஏறி ஸோனின் மின்னழுத்தம் சில வோல்ட்டுகளுக்கு இறங்கிவிடும். அந்த இறக்கமே அங்கே அலாரம். முகவரி முறையிலோ அலாரம் என்பது ஒரு செய்தி. டிடெக்டர் அலாரத்தில் இருக்கும்போதும் லூப்பின் மின்னழுத்தம் ஏறத்தாழ முன்போலவே இருக்கும், எல்ஈடி எரிவதற்கான சில மில்லிஆம்பியர் மட்டும் கூடும். அதிலும் ஒரே சமயத்தில் எத்தனை எல்ஈடிக்கள் எரியலாம் என்பதற்குப் பல பேனல்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அலாரத்தில் உள்ள எல்லா டிடெக்டர்களின் விளக்கும் எரியவில்லை என்று பதறி டிடெக்டரை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிடெக்டரைக் கழற்றி நேராக 24 வோல்ட் பேட்டரியில் கொடுத்துச் சோதிக்கலாமா?

அதனால் எதுவும் தெரியவராது. அழைத்தால்தான் அது பதில் சொல்லும். பேட்டரிக்கு அழைக்கத் தெரியாது. முகவரியைப் படிக்கும் சோதனைக் கருவியை அதே தயாரிப்பாளர் விற்பார். அது இல்லையென்றால் நலமாக உள்ள லூப்பில் மாட்டிப் பார்ப்பதே வழி. இயங்கிக்கொண்டிருக்கும் லூப்பில் வெளியிலிருந்து எந்த மின்வழங்கலையும் இணைக்கவே கூடாது. லூப் அட்டை பழுதாகிவிடும்.

எல்லாம் 24 வோல்ட் சார்ந்ததுதானே, பேனலை அணைக்காமலே கைவைக்கலாமா?

வெளிச்சுற்றுகளின் மின்னழுத்தம் மிகக் குறைவு. உலர்ந்த தோலுக்கு அது ஆபத்தாவது அரிது. ஆனால் அதே பெட்டிக்குள் 230 வோல்ட்டோ 120 வோல்ட்டோ ஏசி நுழையும் முனையும் இருக்கிறது. பேட்டரியின் மின்னழுத்தம் குறைவுதான் என்றாலும், அதன் இரு முனைகளையும் ஒரு ஸ்பேனர் இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகம் உருகும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுத்தான் நான் பேட்டரியைத் தொடுவது. லூப் அட்டையில் வயரைக் கழற்றவும் மாட்டவும் வேண்டுமென்றால், முதலில் ஏசியையும் பேட்டரியையும் துண்டித்துவிடுங்கள். மனிதருக்கு ஆபத்தில்லாத மின்னழுத்தமும் அட்டைக்கு ஆபத்தாகலாம்.

ஹூட்டர் சுற்றில் அமைதியான நேரத்தில் மைனஸ் வோல்ட் காட்டுகிறது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமா?

பெரும்பாலும் இல்லை, அந்தச் சுற்று அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண நிலையில் பேனல் இந்தச் சுற்றுக்குக் குறைந்த அளவு மின்சாரத்தைத் தலைகீழ்த் துருவத்தில் அனுப்புகிறது. ஒவ்வொரு ஹூட்டருக்குள்ளும் ஒரு டையோடு இருப்பதால் தலைகீழ் மின்சாரம் அதன் வழியே பாயாது. சுற்றின் இறுதியில் உள்ள எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் வழியே மட்டும் சிறிது மின்னோட்டம் ஓடித் திரும்பும். அது திரும்பும் வரை வயர் முழுமையாக இருக்கிறது என்று பேனல் அறியும். வயர் அறுந்தால் மின்னோட்டம் நின்றுபோகும், ஷார்ட் ஆனால் மிகும், இரண்டையும் பேனல் ஃபால்ட், அதாவது பழுது, என்று காட்டும்.

அலாரம் வந்ததும் பேனல் துருவத்தைத் திருப்பி முழு மின்னழுத்தத்தையும் கொடுக்கிறது. ஆகவே அலாரத் துருவத்தின்படி மீட்டரை வைத்தால், அமைதியில் கழித்தல் குறியோடு ஓர் எண்ணும், அலாரத்தில் கூட்டல் குறியோடு 24-ஐ ஒட்டிய எண்ணும் வர வேண்டும். அமைதி நிலையில் வரும் எண் பேனலுக்குப் பேனல் மாறும். ரெசிஸ்டரின் மதிப்பும் மாறும். வேறொரு தயாரிப்பின் ரெசிஸ்டரைப் பையில் கிடந்தது என்பதற்காக மாட்டாதீர்கள்.

அதே சுற்றில் ஒரே ஒரு ஹூட்டர் மட்டும் அடிக்கவில்லை. அதன் முனையில் 24 வோல்ட் வருகிறது. ஹூட்டர் போய்விட்டதா?

மாற்றுவதற்கு முன் துருவத்தைப் பாருங்கள். முந்தைய விடையில் சொன்ன டையோடு, வயர் மாறிக் கொடுக்கப்பட்ட ஹூட்டரில் அலாரத்தின்போது மின்சாரத்தைத் தடுத்துவிடும். 24 வோல்ட் வந்தும் ஓசை வராது. அந்த ஹூட்டர் அமைதி நிலையிலோ நேர்த்துருவம் பெற்றிருக்கும். அதனால் கண்காணிப்பு மின்னோட்டத்தை உறிஞ்சிப் பேனலில் ஃபால்ட் காட்டும், சில சமயம் மெல்ல முனகவும் செய்யும். “அலாரம் இல்லாதபோது ஏதோ சன்னமாகக் கேட்கிறது” என்று கட்டடத்தில் இருப்பவர்கள் சொன்னால் அதைப் பிரமை என்று தள்ளாதீர்கள்.

பேனலில் 27 வோல்ட், கடைசி ஹூட்டரில் 21 வோல்ட். ஹூட்டர் 16 வோல்ட்டிலேயே அடிக்கும் என்று போட்டிருக்கிறது. இது தாராளம்தானே?

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. நீங்கள் அளந்தது ஏசி மின்சாரம் இருக்கும்போது, பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கும்போது. தீ வரும்போது ஏசி இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பேட்டரியின் கடைசி நிலையில், பேனலிலிருந்து கிளம்பும் மின்னழுத்தமே வெகுவாகக் குறைந்திருக்கும். அமெரிக்க முறையில் 24-இன் 85 விழுக்காடான 20.4 வோல்ட்டைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். அதே முறையில் ஹூட்டர்களுக்கான வரம்பு 16 முதல் 33 வோல்ட். ஆகவே வயரில் இழக்க நமக்குக் கிடைப்பது 4.4 வோல்ட் மட்டுமே. உங்கள் சுற்றில் இப்போதே 6 வோல்ட் இழப்பு இருக்கிறது. 20.4-இல் தொடங்கினால் கடைசி ஹூட்டருக்கு 14.4 வோல்ட்தான் போய்ச் சேரும். அது அடிக்காமல் போகலாம். அடித்தாலும் தேவையான உரப்பு இராது.

கணக்கு எளிது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரின் மின்தடை, 20 டிகிரி செல்சியஸில், கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக வர இரண்டு வயர்கள் என்பதால் 100 மீட்டர் தொலைவுக்கு 200 மீட்டர் வயர், அதாவது 2.42 ஓம். எல்லா ஹூட்டர்களும் சேர்ந்து 1.2 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 2.9 வோல்ட், 20.4-இல் கழித்தால் 17.5, தேறிவிடும். அதே வயர், அதே சுமை, தொலைவு மட்டும் 200 மீட்டர் என்றால் இழப்பு 5.8 வோல்ட், மிஞ்சுவது 14.6, தேறாது. சுமை முழுவதும் கடைசியில் இருப்பதாகக் கொண்ட கணக்கு இது. உண்மையில் ஹூட்டர்கள் வழிநெடுகப் பரவியிருப்பதால் இழப்பு இதைவிடக் குறையும். ஆனாலும் முதல் கணக்கை இப்படி மோசமான பக்கம் சாய்ந்து போடுவதே பாதுகாப்பு.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இன்றைய ஹூட்டர்களிலும் மின்னும் விளக்குகளிலும் பல, மின்னழுத்தம் குறையக் குறைய அதிக மின்னோட்டம் இழுப்பவை. அவற்றுக்குத் தேவையான ஆற்றல் மாறுவதில்லை. ஆகவே தரவுத்தாளில் 24 வோல்ட்டுக்கு நேராக உள்ள ஆம்பியரை எடுக்காமல், வரம்பில் காட்டப்பட்ட அதிகபட்ச ஆம்பியரை எடுத்துக் கணக்கிடுங்கள்.

கணக்கில் தேறவில்லை. ஹூட்டரைக் குறைப்பதைத் தவிர வேறு வழி?

வயரைப் பருமனாக்கலாம். மேலே தேறாமல் போன 200 மீட்டர் சுற்றில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், கிலோமீட்டருக்கு 7.41 ஓம் என்ற கணக்கில், இழப்பு 3.6 வோல்ட்டாகக் குறைந்து 16.8 மிஞ்சும். சுற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் பாதியாகும். தொலைவு மிக அதிகமென்றால், ஹூட்டர்கள் உள்ள இடத்துக்கு அருகிலேயே தனிப் பேட்டரியுடன் கூடிய துணை மின்வழங்கியை வைத்து, பேனலின் சுற்றை அதற்குத் தூண்டுதலாக மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பேட்டரி, ஏசி ஆகியவற்றின் ஃபால்ட் பேனலுக்கு வந்து சேரும்படி கண்காணிக்க மறக்கக் கூடாது. என் அனுபவத்தில், கேபிள் வாங்கும் முன்பே கணக்குப் போட்டால் முதல் வழியே மலிவு. கூரை மூடிய பிறகு போட்டால் மூன்றாவது வழிதான் மிஞ்சுகிறது.

இதே இழப்பை லூப்பிலும் பார்க்க வேண்டுமா? டிடெக்டர்கள் ஒன்றுமே இழுப்பதில்லையே?

டிடெக்டர்கள் மட்டும் உள்ள லூப்பில் அச்சம் குறைவு. அமைதி நிலையில் ஒரு டிடெக்டர் இழுப்பது சில நூறு மைக்ரோஆம்பியர், 0.3 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 120 டிடெக்டர்களுக்கு 36 மில்லிஆம்பியர். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள லூப்பின் மின்தடை, மேற்சொன்ன 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில், 24.2 ஓம். இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழ்.

லூப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஹூட்டர்களை ஏற்றும்போதுதான் கதை மாறுகிறது. ஒவ்வொன்றும் 8 மில்லிஆம்பியர் இழுக்கும் 40 ஹூட்டர்கள் அதே லூப்பில் இருந்தால் மொத்தம் 356 மில்லிஆம்பியர், இழப்பு 8.6 வோல்ட். 24-இல் தொடங்கினால் 15.4 மிஞ்சும்; 17 வோல்ட் கேட்கும் டிடெக்டர் அங்கே பேசாமல் போகும், அதுவும் அலாரம் அடிக்கும் நேரத்தில். ஷார்ட் ஆன பகுதியை ஒதுக்கிவிடுவதற்காக லூப்பில் வைக்கப்படும் ஐசோலேட்டர்களின் மின்தடையும் வரிசையில் சேரும், ஒன்றுக்கு 0.1 ஓம் என்றாலும் 100 ஐசோலேட்டர்களுக்கு 10 ஓம். தயாரிப்பாளர்கள் தரும் லூப் கணக்கீட்டு மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. அதைத் திறக்காமல் லூப் ஹூட்டர்களை நிரப்பாதீர்கள்.

லூப் ஓர் இடத்தில் அறுந்தும் எல்லா டிடெக்டர்களும் பேசுகின்றன. பிறகு சரிசெய்தால் போதாதா?

பேனலுக்கே திரும்பி வரும் லூப்பில், அறுந்ததும் பேனல் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் அனுப்பும். அதனால் யாரும் விடுபடுவதில்லை. ஆனால் அறுந்த இடம் பேனலுக்குப் பக்கத்தில் இருந்தால், முழுச் சுமையும் ஒரே பக்கத்திலிருந்து முழு நீளத்தையும் கடந்து வர வேண்டும். முந்தைய விடையில் போட்ட கணக்கு அந்த நிலைக்கானதுதான். அமைதி நிலையில் எல்லாம் பேசும் லூப், அலாரத்தில் தொலைமுனையைக் கைவிடக் கூடும். இரண்டாவது இடத்திலும் அறுந்தால் நடுவில் உள்ளவை முற்றிலும் போய்விடும். தள்ளிப்போட வேண்டாம்.

லூப்பில் ஷார்ட். ஐசோலேட்டர்கள் எல்லாம் இருக்கின்றன. ஓம் மீட்டர் வைத்தால் எங்கேயும் ஷார்ட் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷார்ட் ஆன பகுதியில் மின்னழுத்தம் சரிந்ததும், அதன் இருபுறமும் உள்ள ஐசோலேட்டர்கள் திறந்து அந்தப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிடுகின்றன. மற்றவை தொடர்ந்து இயங்கும். பேனல் முனையிலிருந்து ஓம் மீட்டரால் திறந்த ஐசோலேட்டரைத் தாண்டிப் பார்க்க முடியாது. சில வகை ஐசோலேட்டர்கள் மின்சாரம் இல்லாதபோது திறந்த நிலையிலேயே இருக்கும். ஆகவே லூப்பை அணைத்துவிட்டு அளந்தாலும் வயர் அறுந்தது போலவே காட்டும்.

ஆகவே மின்சாரம் ஓடும்போதே வோல்ட் மீட்டரோடு தேடுங்கள். எந்த முகவரிகள் பேசவில்லை என்பதைப் பேனலில் குறித்துக்கொண்டு, அவற்றின் இருபுறமும் பேசுகின்ற கடைசிச் சாதனங்களுக்குச் செல்லுங்கள். ஐசோலேட்டரின் ஒரு பக்கம் லூப் மின்னழுத்தமும் மறுபக்கம் சுழியமும் காட்டினால், சுழியம் காட்டும் பக்கம் செல்லும் வயரில்தான் பழுது. வயரிங் படம் சரியாக வரையப்பட்டிருந்தால் இது சிறிது நேர வேலை; படமே இல்லாத கட்டடத்தில் ஒரு நாள் போய்விடும்.

மானிட்டர் மாட்யூலின் உள்ளீட்டில் 24 வோல்ட் வரவில்லை. மாட்யூல் பழுதா?

அங்கே 24 வோல்ட்டை எதிர்பார்க்கவே கூடாது. மாட்யூல் லூப்பிலிருந்து கிடைக்கும் சொற்ப மின்சாரத்தில் ஒரு மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பி, தொடுமுனை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவே. பரவலாகக் காணப்படும் ஒரு வகையில் கடைசி ரெசிஸ்டர் 47 கிலோஓம். ரெசிஸ்டர் தெரிந்தால் அமைதி, ஷார்ட் ஆனால் அலாரம், திறந்தால் ஃபால்ட்.

இங்கே நடக்கும் பெரும்பிழை, வெளி மின்சாரம் உள்ளே வருவது. பம்ப் பேனலிலிருந்தோ லிஃப்ட் பேனலிலிருந்தோ வரும் இரண்டு வயர்களை “தொடுமுனை” என்று சொல்லிக் கொடுப்பார்கள்; அளந்தால் அதில் அவர்களுடைய 24 வோல்ட்டோ 230 வோல்ட்டோ இருக்கும். இணைப்பதற்கு முன் அந்த இரு வயர்களுக்கு இடையிலும், ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையிலும், ஏசி, டிசி இரண்டையும் அளந்துவிடுங்கள். மின்னழுத்தம் இருந்தால் நடுவில் ஒரு ரிலே வைத்து, அதன் வெறும் தொடுமுனையை மட்டும் மாட்யூலுக்குக் கொடுங்கள்.

கண்ட்ரோல் மாட்யூலில் வெளியீடு வேலை செய்கிறது என்று பேனல் சொல்கிறது. ஆனால் ஹூட்டரில் 0 வோல்ட்.

பல கண்ட்ரோல் மாட்யூல்கள் தாமாக மின்சாரம் தருவதில்லை. தனியாக 24 வோல்ட் வழங்கலைக் கொண்டுவந்து அதன் உள்ளீட்டு முனையில் கொடுத்தால், கட்டளை வரும்போது அதைத் துருவம் திருப்பி ஹூட்டருக்கு அனுப்பும். அந்த 24 வோல்ட் வரவில்லையென்றால் கட்டளை மட்டும் நிறைவேறும், ஓசை வராது. வெறும் ரிலேயாக மட்டும் இருக்கும் மாட்யூல்களும் உண்டு. அவற்றின் தொடுமுனை எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும். காந்தச் சுருள் உள்ள சுமைகளுக்குக் குறுக்கே ஒரு டையோடைப் போடாவிட்டால், அணையும் ஒவ்வொரு முறையும் எழும் உயர் மின்னழுத்தம் தொடுமுனையைத் தின்றுவிடும்.

ரீசெட் செய்ததும் துணை 24 வோல்ட் சிறிது நேரம் போய் வருகிறது. இது குறையா?

ரீசெட்டாகும் வகை வழங்கல் அப்படித்தான் இருக்க வேண்டும். மின்சாரத்துக்கெனத் தனியாக இரண்டு வயர்கள் பெறும் நான்கு வயர் டிடெக்டர்களை அலாரத்திலிருந்து விடுவிக்க அந்த இடைவெளி தேவை. கதவுக் காந்தத்தையும் கண்ட்ரோல் மாட்யூலையும் ரீசெட்டாகாத முனையில் இணையுங்கள்.

பேட்டரியில் 27.3 வோல்ட் காட்டுகிறது. அப்படியென்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

அது சார்ஜரின் மின்னழுத்தம். 12 செல்களுக்கு, 25 டிகிரி செல்சியஸில், செல்லுக்கு 2.25 முதல் 2.30 வோல்ட் என்ற கணக்கில் 27.0 முதல் 27.6 வரை சார்ஜர் தந்துகொண்டிருக்கும். பேட்டரி சக்கையாகிவிட்டிருந்தாலும் இந்த எண் அழகாகவே வரும். ஏசியைத் துண்டித்து, முழு அலாரச் சுமையை ஏற்றி, மின்னழுத்தம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். நல்ல பேட்டரி சிறிது இறங்கி நிலைகொள்ளும். தளர்ந்த பேட்டரி நிற்காமல் சரியும்.

இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளப்பதும் முக்கியம். மொத்தம் 24 இருந்தாலும், ஒன்றில் 13-ம் மற்றொன்றில் 11-ம் இருந்தால் இரண்டாவதில் ஒரு செல் போயிருக்கலாம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் தொடரில் இருந்தால் சார்ஜ் சமமாகப் பங்கிடப்படாமல் புதியதும் கெடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜர் வயரில் மட்டும் அளந்து “சார்ஜர் இல்லை” என்று முடிவு கட்டவும் கூடாது. பேட்டரி இருப்பதை உணர்ந்த பிறகே மின்னழுத்தம் தரும் சார்ஜர்கள் பல உண்டு.

எர்த் ஃபால்ட் வருகிறது. எல்லாம் வேலை செய்கிறது. எந்த வயர் என்று மீட்டரால் அறிய முடியுமா?

முடியும். பேனலின் 24 வோல்ட் எர்த்தோடு நேரடியாக இணைக்கப்படுவதில்லை, மிதந்து நிற்கிறது. கூட்டல் முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு முறை, கழித்தல் முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு முறை அளங்கள். ஒன்று சுழியத்தை ஒட்டியும் மற்றொன்று முழு மின்னழுத்தத்தை ஒட்டியும் வந்தால், சுழியம் காட்டும் வயர்தான் உலோகக் குழாயையோ பெட்டியையோ தொடுகிறது. இரண்டும் இடைப்பட்ட எண்களாக இருந்து, அவை நாளுக்கு நாள் மாறினால் ஈரம் புகுந்திருக்கும் இணைப்புப் பெட்டியைத் தேடுங்கள்.

எந்தச் சுற்று என்பதை அறிய, ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி அந்த இரு எண்களும் எப்போது சமநிலைக்குத் திரும்புகின்றன என்று பார்க்க வேண்டும். உள்ளே பல சுற்றுகள் ஒரே கழித்தல் முனையைப் பகிர்வதால், ஒன்றின் பழுது எல்லாவற்றிலும் தெரியும். முதல் எர்த் ஃபால்ட் எதையும் நிறுத்தாது என்பது உண்மைதான். எதிர்த்துருவத்தில் இரண்டாவது வரும்போது இரண்டும் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும்.

எங்கேயும் இணைக்காத புது வயரில் 40 வோல்ட் ஏசி காட்டுகிறது. எங்கிருந்து வருகிறது?

அருகில் ஓடும் மின் கேபிளிலிருந்து தூண்டப்பட்டதாக இருக்கலாம். டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை மிக அதிகம் என்பதால் சக்தியே இல்லாத இந்தப் போலி மின்னழுத்தத்தையும் காட்டிவிடும். குறைந்த உள்மின்தடை கொண்ட அளவீட்டு நிலை மீட்டரில் இருந்தால் அதில் பாருங்கள். போலி என்றால் எண் சுருண்டு விழும். விழவில்லையென்றால் உண்மையான தொடர்பு எங்கோ இருக்கிறது. அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 72-இன்படி, சாதனத்துக்கு வேறு வரம்பு சொல்லப்படாதவரை, வயர்களுக்கு இடையிலோ எர்த்துக்கோ இத்தகைய அந்நிய மின்னழுத்தம் 1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. போலி என்று தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம். நாளை லூப்பின் துடிப்புகளோடு அது கலக்கும்.

வயரின் இன்சுலேஷனைச் சோதிக்க 500 வோல்ட் மெகர் (உயர் மின்னழுத்தம் செலுத்தி இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைக்கலாமா?

எல்லா டிடெக்டர்களையும் மாட்யூல்களையும் கழற்றி, பேனல் முனையிலும் வயரைப் பிரித்த பிறகு மட்டுமே. ஒரு கட்டடத்தில் இரண்டு மாட்யூல்கள் மேற்கூரைக்குள் மாட்டப்பட்டிருப்பது தெரியாமல் நாங்கள் மெகர் வைத்தோம். அவை இரண்டும் அன்றே போயின. அதன்பின், சாதனங்களை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடாமல் மெகரைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

எல்லா இடத்திலும் வோல்ட் சரி, வயரில் அறுதல் இல்லை, எர்த் இல்லை. இருந்தும் சில டிடெக்டர்கள் அவ்வப்போது “பதில் இல்லை” என்று வந்து, தானாகச் சரியாகின்றன. இனி எதைப் பார்ப்பது?

மீட்டர் காட்டும் சராசரி சரியாக இருந்தும், துடிப்பின் வடிவம் சிதைந்திருக்கலாம். முதலில் முகவரிகளைப் பாருங்கள். ஒரே எண்ணில் இரண்டு சாதனங்கள் இருந்தால் இரண்டின் பதில்களும் மோதிக்கொள்ளும். அடுத்து கேபிளின் மின்தேக்குத் திறன் (கபாசிட்டன்ஸ்): நீளமும் கிளைகளும் கூடும்போது துடிப்பின் கூர்மை மழுங்கும். கையேட்டில் லூப்புக்கு அதிகபட்சமாக இத்தனை ஓம், இத்தனை மைக்ரோஃபாரட் என்று இரண்டு வரம்புகள் இருக்கும். பலர் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். கவச உறையுள்ள கேபிள் என்றால், கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை, கவசம் பேனல் முனையில் மட்டும் எர்த் ஆகி, வழியில் எங்கும் அறுபடாமலும் உலோகத்தைத் தொடாமலும் செல்ல வேண்டும்.

இவை மூன்றும் சரியென்றால், “பதில் இல்லை” வந்த நேரங்களைப் பேனலின் நிகழ்வுப் பதிவிலிருந்து எடுத்து, அந்த நேரங்களில் கட்டடத்தில் எது இயங்கத் தொடங்குகிறது என்று கேளுங்கள். பெரிய மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பக்கத்தில் லூப் கேபிள் ஓடுவதை இந்த வழியில்தான் கண்டுபிடித்திருக்கிறோம். அந்தக் கருவி இயங்கும்போதும் நிற்கும்போதும் அதே முனையில் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பாருங்கள்; துடிப்பின் மேல் ஏறும் இரைச்சல் கண்ணுக்கே தெரியும். அப்போது மாற்ற வேண்டியது கேபிள் செல்லும் வழியை, டிடெக்டர்களை அல்ல.